அடுப்படிக்கும் ஒரு விடுமுறை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளில் "இம்முறை எங்கே போவது?" என்ற பேச்சுத் தொடங்கிவிடும். சிறுவர்கள் கடற்கரை என்பர். பாட்டியார் கோயில் என்பார். உயர்தர வகுப்பில் படிக்கும் பையன் நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்பான். தந்தையார் வாகனக் கூலியை மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டு மௌனம் சாதிப்பார். கடைசியில் இடம் ஒன்று முடிவாகும். அத்துடன் பயணமே முடிவாகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொள்வர்.

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உண்பது? அந்த உணவை ஆக்குவது யார்? இவ்விரு வினாக்களையும் எழுப்புவார் ஒருவரும் இலர். எழுப்பப்படாத வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பு வீட்டுத் தாயைச் சேர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் ஐந்து மணிக்கு எழும்புவதாயின் அவள் மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். போன இடத்தில் பிள்ளைகள் கடலில் துள்ளும்போது அவள் மரநிழலில் இருந்து பாத்திரங்களுக்குக் காவல் காக்கிறாள். பொழுதுபட்டு வீடு திரும்பியதும் மற்றவர்கள் களைத்துப் படுத்துவிடுகிறார்கள். அவளோ எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டிகளை விளக்கிக்கொண்டு நிற்கிறாள். உலாப் போனவர்கள் பத்துப் பேர் என்றால், விடுமுறையை அனுபவித்தவர்கள் ஒன்பது பேரே.

வாசகர்களே, ஒரு நாள் உலாவைத் திட்டமிடுவது என்பது பெரும்பாலும் அந்த நாளின் உணவைத் திட்டமிடுவதேயாகும். உணவு நேரம் ஒழுங்காக அமைந்தால் மற்றவை தாமே ஒழுங்காகும். அது தவறினால் பிள்ளைகளுக்கு அழுகை, பெரியவர்களுக்குத் தலையிடி, எல்லோருக்கும் மனத்தாங்கல். இதை நம் ஊர்ப் பயணம் ஒன்றைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

வாங்கில் இருந்த தந்தை

முதலிலே சற்றுத் தூரத்துக் கதை ஒன்று. இன்று உலகெங்கும் குடும்பங்களை ஈர்க்கும் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றுக்கு வழிகாட்டியாக நிற்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து டிஸ்னிலாந்து. சித்திரப் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி, தம் இரு பெண்மக்களையும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். குழந்தைகள் குதிரை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் வாங்கு ஒன்றில் அமர்ந்து நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கக்கூடிய ஓர் இடம் இருந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அந்த வாங்கிலேதான் தமக்கு உதித்தது என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். கோபன்ஹேகன் நகரில் 1843 ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்றுவரும் டிவோலிப் பூங்காவையும் அவர் நேரிற் பார்த்து அதன் ஒழுங்கையும் தூய்மையையும் வியந்தவர்.

இவ்வளவு சிந்தித்துக் கட்டிய பூங்கா 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் திகதி திறக்கப்பட்டபோது நடந்தது என்ன? அழைக்கப்படாத பெருஞ்சனம் கள்ள அனுமதிச் சீட்டுகளுடன் உள்ளே புகுந்துவிட்டது. வெயிலோ நெருப்பு. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள், மலசலகூடங்கள் ஆகிய இரண்டில் ஒன்றையே திறப்பு நாளுக்கு முன் முடிக்க முடியும் என்ற நிலை. டிஸ்னி மலசலகூடங்களைத் தேர்ந்தெடுத்தார். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கூட்டம் தவித்தது. உணவுச்சாலைகளிலும் உணவு தீர்ந்துபோயிற்று. கோடிக்கணக்கில் செலவிட்டவரையே அன்று சங்கடத்தில் ஆழ்த்தியவை தண்ணீரும் சோறுமே என்றால், ஒரு வானை வாடகைக்கு அமர்த்திப் புறப்படும் நாம் அவற்றை அலட்சியம் செய்யலாமா?

இந்தக் கதையிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். குடும்பத்தில் எவரும் வாங்கில் தனித்து விடப்படாதபடி நாளை அமைக்கவேண்டும் என்பது ஒன்று. வேடிக்கைகளை எண்ணுமுன் தண்ணீர், உணவு, நிழல், மலசலகூடம் ஆகிய நான்கையும் எண்ணவேண்டும் என்பது மற்றொன்று.

நம் குடாநாடே பூங்கா

நம்மவரின் விடுமுறைப் பயணம் ஒருகாலத்தில் புகையிரதத்தோடு பிணைந்திருந்தது. 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின், கொழும்புக்குச் சென்று தெகிவளை மிருகக்காட்சிச் சாலையைப் பார்த்துவருவது பல குடும்பங்களின் கனவாயிற்று. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை எந்தத் தரிப்பிடத்தில் அவிழ்ப்பது என்பதுகூட அந்நாளையப் பெரியோர் முன்னதாகவே முடிவு செய்த விஷயம். 1990 இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். கீரிமலைத் தீர்த்தம் சில மைல் தூரத்திலே இருந்தும் நினைத்தவுடன் போய் நீராட முடியாத ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னரே பாதைகளும் காணிகளும் படிப்படியாகத் திறக்கப்பட்டன. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. 2019 இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

ஆகவே ஒரு வானில் ஏறி, தடைகளுக்கு அஞ்சாமல், குடும்பத்தோடு ஒரு கடற்கரைக்குப் போய்வருவது நமக்கு அற்பமான காரியமன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாலிபராயிருந்தவர்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள்.

இராட்டினமும் நீர்ச்சறுக்கலும் விரும்பும் பிள்ளைகளுக்குச் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக வசதியில்லாதோருக்கு, ஆனையிறவுக்கு அண்மையில் இயக்கச்சியிலே பண்ணையும் சிறுவர் கேளிக்கையும் இணைந்த றீச்சா என்னும் இடம் இருக்கிறது. யாழ். நகரில் சுப்பிரமணியம் சிறுவர் பூங்கா இருக்கிறது. இவையன்றி இயற்கை நமக்கு அளித்த விளையாட்டிடங்கள் எத்தனை! மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறு, கடலின் ஓரத்திலேயே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணி, சிறுவர்கள் இறங்கி நிற்கக்கூடிய ஆழம் குறைந்த காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, மணற்காட்டின் மணற்குன்றுகள், வேலணைச் சாட்டிக் கடற்கரை, தீவுகளுக்குச் செல்லும் படகுகள் ஆகிய இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு இல்லை. ஒழுங்கு மாத்திரமே வேண்டும்.

ஒரு நாளின் ஒழுங்கு

பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். எழுபதைக் கடந்த பாட்டியார், தாய் தந்தையர், அவர்களின் மூன்று பிள்ளைகள், விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருக்கும் சித்தியும் சித்தப்பாவும், அவர்களின் இரு சிறுவர்கள். பாட்டியாருக்குத் தீர்த்தமாட வேண்டும். சிறுவர்களுக்குக் கடல் வேண்டும். கீரிமலையையும் கசூரினாவையும் ஒரே நாளில் இணைத்தால் இருசாராரும் மகிழ்வர்.

இங்கே முதல் விதி ஒன்று உண்டு: குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய நடைக்கே நாளின் நடையை அமைக்கவேண்டும். பாட்டியாரும் சிறு குழந்தையும் தாங்கக்கூடிய நாள் மற்ற எல்லோருக்கும் இனிய நாளாகும். இரண்டாம் விதி, ஒரு நாளுக்கு இரண்டு பெரிய இடங்களே போதும் என்பது. ஐந்து இடங்களைப் பார்க்க முனைந்தோர் கண்டதெல்லாம் வானின் கூரையைத்தான்!

காலை ஆறேகால் மணிக்கு நகரிலிருந்து புறப்படுக. புறப்படுமுன் ஒரு கோப்பை தேநீரும் ஒரு வாழைப்பழமும் போதும். வயிறு நிறைய உண்டு நீராடுவது சுகமன்று. ஏழே கால் அளவில் கீரிமலை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் இருப்பதால் பாட்டியாருக்குத் துணையாக ஒரு பெண்பிள்ளையை முன்னதாகவே நியமித்துவிடுக. நீராடிய பின் நகுலேசுவரப் பெருமானைத் தரிசித்து, எட்டரை மணி அளவில் காலையுணவு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லாத நம் குடாநாட்டில், மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே இறங்கி, நிலத்தடியில் நகர்ந்து, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படும் விந்தையைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வகுப்பறை ஏது?

ஒன்பதரைக்குப் புறப்பட்டு மாதகல் வழியாக மேற்கே செல்லுக. சம்பில்துறையில் சற்று இறங்கிப் பார்க்கலாம். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வந்திறங்கியதாகப் பௌத்த மரபு போற்றும் துறை அது. பின்பு பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர். பாலத்தின் இருமருங்கும் ஆழமற்ற கடலில் பறவைகள் நிற்பதைச் சிறுவர்கள் எண்ணட்டும். பதினொன்றரை அளவில் கசூரினாவை அடையலாம்.

அடைந்தவுடன் கடலில் இறங்கவேண்டாம். இதுவே பலர் கவனியாத இடம். உச்சி வெயிலில் வெண்மணலும் நீரும் ஒளியைத் திருப்பி எறியும். குளிர்நாட்டுக் குழந்தையின் தோல் ஒரு மணி நேரத்திலேயே சிவந்துவிடும். கடற்கரைக்குப் பெயர் கொடுத்த சவுக்கு மரங்களின் நிழலில் பாயை விரித்து, பன்னிரண்டரைக்கு மதிய உணவை முடித்து, மூன்றரை வரை இளைப்பாறுக. பாட்டியார் பழைய கதை சொல்லலாம்; பிள்ளைகள் தாயம் விளையாடலாம். மூன்றரை தொடங்கி ஐந்தேகால் வரை கடல். பிறகு நன்னீரில் உடல் கழுவி, சிற்றுண்டி உண்டு, ஞாயிறு கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஆறரைக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்கு முன் வீடு சேரலாம்.

இந்த ஒழுங்கிலே கோயிலும் நீராடலும் காலையிலும், கடல் மாலையிலும் வருவதை அவதானியுங்கள். தீர்த்தமாடும் நாள் ஆதலால் அன்று முழுவதும் மரக்கறி உணவு என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஒரே வானில் இருவகைச் சமையலைக் கொண்டுசெல்லும் சிக்கல் அதனால் நீங்கும். கடலுணவு ஆசைக்கு வேறொரு நாள் இருக்கட்டும்.

எது கெடும், எது தாங்கும்?

நம் சமையலின் சுவை தேங்காயிலே இருக்கிறது. பயணத்தில் நமக்கு வரும் ஆபத்தும் அந்தத் தேங்காயிலேதான். தேங்காய்ப்பால் விட்ட சொதி, பச்சைத் தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பூக் கலந்த புட்டு ஆகியவை வெக்கையில் சில மணி நேரத்திலேயே பழுதாகிவிடும். ஆக்கிய உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமானால் ஒரு மணி நேரமே எல்லை என்கிறது அமெரிக்க விவசாயத் திணைக்களம். மூடிய வானின் பின்புறம் நண்பகலில் எவ்வளவு சூடேறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சோறுகூட முற்றிலும் குற்றமற்றதன்று. பசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்திகள் அரிசி கொதிக்கும்போதும் அழியாமல் தப்பிவிடும். சோறு சூடு குறைந்து நெடுநேரம் மூடிக்கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சுப் பொருளைத் தோற்றுவிக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு நீங்காது. விடியற்காலையில் சுடச்சுட மூடிக்கட்டிய சோற்றை மதியத்தில் அவிழ்ப்பது ஏன் தகாது என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் கொண்டுபோகத் தக்கவை எவை? காலைக்கு இட்டலியும் நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப் பொடியும் சிறந்தவை. மா புளித்தது, தேங்காய் சேராதது, மூன்று மணி நேரத்துக்குள் உண்டு முடிக்கவும் போகிறோம். மாவை முதல்நாள் அரைத்து வைத்துவிட்டால், காலையில் அவித்து இறக்குவதற்குத் தாயை எழுப்பவேண்டியதில்லை. தந்தையும் மூத்த பிள்ளையும் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம்.

மதியத்துக்குச் சிறந்த வழி, வீட்டிலிருந்து எதையும் ஆக்கிக்கொண்டு போகாமல் இருப்பதே. போகும் வழியிலுள்ள நம்பகமான சாப்பாட்டுக் கடை ஒன்றில் முதல்நாளே சொல்லிவைத்து, மதியத்தில் சுடுசோறும் கறிகளும் வாங்கிக்கொள்ளலாம். அயலூரில் உறவினர் இருந்தால், அவர்களுக்கு ஒரு சுமையாகாதபடி அரிசியும் மரக்கறியும் முன்கூட்டிக் கொடுத்து, எல்லோரும் சேர்ந்து சமைக்கலாம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் உருவாகி, பெண்களே நடத்தும் அம்மாச்சி உணவகம் திருநெல்வேலியில் உண்டு. நம் பாரம்பரியப் பலகாரங்களை அங்கே கண்ணெதிரே சுடச்சுட ஆக்கித் தருவார்கள். ஒரு பெண்ணின் ஓய்வு இன்னொரு பெண்ணின் வருவாயாகவும் ஆகிறது என்றால் அது நல்ல செலவுதானே?

கையிலுள்ள பணம் அதற்கு இடங்கொடாவிட்டால் புளிச்சாதம் இருக்கிறது. புளிக்காய்ச்சலை முதல்நாள் மாலையே காய்ச்சி வைத்துவிடலாம். பத்துப் பேருக்கு, மற்றைய சிற்றுண்டிகளும் இருப்பதனால், 1 கிலோ அரிசி போதுமானது. காலையில் சோற்றை ஆக்கியதும் அகன்ற தாம்பாளத்திலோ வாழையிலையிலோ பரவி விரைவாக ஆறவிட்டு, அதன் பின்னரே புளிக்காய்ச்சலைப் பிசைந்து கட்டுக. புளியும் நல்லெண்ணெயும் பழுதாவதைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றாகத் தடுக்கமாட்டா. ஆதலால் அவ்வாறு போகும் நாளில் மதிய உணவைப் பதினொன்றரைக்கே முற்படுத்திக்கொள்வது அறிவுடைமை.

மாலைச் சிற்றுண்டிக்கு நம் முன்னோர் ஒரு களஞ்சியத்தையே விட்டுச் சென்றிருக்கிறார்கள். பருத்தித்துறை வடை, முறுக்கு, பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் எல்லாம் ஈரம் குறைந்தவை. நாட்கணக்கில் இருந்தாலும் கெடாதவை. புழுக்கொடியலும் பனாட்டும் பனங்கட்டியும் கற்பகதருவின் கொடைகள். பனம்பழக் களியை வெயிலில் உலர்த்தினால் பனாட்டு; பனங்கிழங்கை அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். தூர தேசத்துச் சிறுவனுக்கு இவற்றைக் கையில் கொடுத்துக் கதையையும் சொல்லிக் கொடுத்தால், எந்தக் கடையின் இனிப்பும் அவனுக்கு அவ்வளவு காலம் நினைவில் நிற்காது.

தண்ணீர் ஒருவருக்கு 2 லீற்றருக்குக் குறையலாகாது. பத்துப் பேருக்கு 20 லீற்றர், கைகழுவ வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தைகளுக்குக் கொதித்தாறிய நீரைத் தனியாகக் கொண்டுசெல்லுக. தேசிக்காயும் சிறிது உப்பும் சீனியும் ஒரு சிமிழில் இருந்தால் வெயிற் களைப்புக்கு உடனடி மருந்து.

இரவுணவை மறந்துவிடவேண்டாம். பயணத் திட்டங்கள் பலவும் தவறுவது இங்கேதான். வீடு திரும்பும்போது பாணோ தோசையோ இடியப்பமோ வழியில் வாங்கிச் செல்வது என்று காலையிலேயே முடிவு செய்துவிடுக. அன்று வீட்டில் அடுப்பு எரியலாகாது.

நயினாதீவு நாள்

கடலைப் படகிலே கடக்க விரும்பும் குடும்பத்துக்கு நயினாதீவு மிக ஏற்றது. பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குச் செல்லவேண்டும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய இருபது நிமிடம். நாகபூசணி அம்மன் கோயிலில் அடியார்களுக்கு மதியத்தில் அன்னதானம் வழங்கும் மரபு நெடுநாளாக உண்டு. பந்தியில் அமர்ந்து இலையில் உண்ணும் அந்த அனுபவம் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி; தாய்க்கு ஓர் ஓய்வு. ஆனால் வாங்கி உண்டுவிட்டு வந்துவிடுவது மாத்திரம் நம் பண்பன்று. இயன்றதைக் காணிக்கையாக இட்டு, இளையவர்கள் பரிமாறவும் இலை எடுக்கவும் உதவி செய்தல் வேண்டும்.

தீவுப் பயணத்தின் கடிகாரம் படகின் கையில் இருக்கிறது. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் துறையில் கால் வைத்தவுடன் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய படகில் திரும்புவதாகவே திட்டமிடுங்கள். நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். அங்கே குதிரைகள், பெருக்க மரம், பவளக்கற் கோட்டை எல்லாம் உண்டு. சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பம் அதை நயினாதீவோடு சேர்த்து ஒரே நாளில் பார்க்க முயலவேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் அலை கூடும். மாரியில் வாடைக் காற்றோடு வடகடல் கொந்தளிக்கும். காற்றைக் கேட்டுக்கொண்டே கடலுக்குப் போகவேண்டும். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கியை அணிவதற்கு எவரும் வெட்கப்படலாகாது.

ஆளுக்கொரு பொறுப்பு

வேலையைப் பகிராமல் ஓய்வைப் பகிர முடியாது. ஆகையால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் குடும்பம் முழுவதும் கூடி ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பை எழுதிவிடுக. மாணவர்களுக்கு இதிலே பெரும் பங்கு உண்டு. மூத்த மாணவன் வரைபடத்தைப் பார்த்துத் தூரமும் நேரமும் கணக்கிடட்டும். இளையவள் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் சிற்றுண்டிப் பெட்டிக்கும் பொறுப்பேற்கட்டும். தந்தையார் செலவைப் பார்க்கட்டும்: வாகனம், உணவு, கோயிற் காணிக்கை, அவசரத்துக்கு ஒரு தொகை என்று நான்கு பிரிவுகள் போதும். அவசரப் பணத்தைத் தொடாமல் வீடு திரும்பினால், அதில் பிள்ளைகளுக்கு நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

பெட்டியிலே இருக்கவேண்டியவை: பாட்டியாரின் மருந்துகள், அவற்றை உண்ணும் நேரக் குறிப்பு, காயத்துக்குக் கட்டும் துணி, தொப்பி, குடை, மாற்றுடை, பாய் இரண்டு, குப்பை போடுவதற்கு ஒரு சாக்கு. வாழையிலையிலும் பனையோலைப் பெட்டியிலும் உணவைக் கொண்டுசென்றால் கடற்கரையில் நெகிழிப் பை குறையும். நாம் போன இடத்தில் நாம் உண்டதற்கு அடையாளம் எதுவும் எஞ்சியிருக்கலாகாது.

கடலில் பிள்ளைகள் இறங்கும் நேரத்துக்கு ஒரு கண்டிப்பான ஏற்பாடு வேண்டும். கசூரினா ஆழம் குறைந்த கடல் என்று நம்பி எல்லோரும் பேச்சில் ஆழ்ந்துவிடும் நேரமே ஆபத்தான நேரம். நீரில் மூழ்குபவன் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாய் நீருக்கு மேலே நிற்காதபோது குரல் எழும்புவது எப்படி? ஆதலால் பெரியவர்களில் ஒருவர், இருபது நிமிடத்துக்கு ஒருவராக முறைவைத்து, கைத்தொலைபேசியைப் பையில் இட்டுவிட்டு, பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டே கரையில் நிற்கவேண்டும். அந்த முறையில் தாய்க்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அவள் கால் நனைத்து அலையில் நடப்பதற்கும் ஒரு நேரம் அந்தக் கொப்பியிலே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத ஓய்வு அவளுக்குக் கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தால் உலாவின் மகிழ்ச்சி குன்றாதா என்று சிலர் கேட்கலாம். வகுப்பு நேரசூசி போல மணியடித்து மகிழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உணவுக்கும் படகுக்கும் மருந்துக்கும் நேரம் குறித்துவிட்டால், எஞ்சிய நேரம் முழுவதும் கவலையின்றி நமக்கே சொந்தமாகும். சிறுவன் ஒரு நண்டின் பின்னால் அரைமணி நேரம் ஓடினாலும் அவனைக் கூப்பிட்டு அதட்டவேண்டிய தேவை இராது.

நம் குடும்பங்கள் இன்று ஒரே கூரையின்கீழ் இருப்பவை அல்ல. ஒரு பிள்ளை கொழும்பில், ஒருவர் இலண்டனில், ஒருவர் ரொறன்ரோவில் என்று சிதறியிருக்கிறோம். மூன்று தலைமுறையும் ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் நாள் ஆண்டுக்கு ஒன்று வாய்த்தாலே பெரிது. பாட்டியாருக்கு அடுத்த ஆண்டும் கேணிப் படிகளில் இறங்கும் வலு இருக்குமா, பல்கலைக்கழகம் போகப்போகும் மகன் அடுத்த விடுமுறைக்கு வருவானா என்பதை யார் அறிவார்? அத்தகைய ஒரு நாளிலே தாய் மாத்திரம் சட்டி பானைகளோடு தனித்திருந்தால், பிள்ளைகளின் நினைவிலும் அவள் அப்படியே நின்றுவிடுவாள்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கொப்பியைத் திறந்து முதல் வரியிலே அன்றைய மூன்று வேளை உணவையும், அவற்றை ஆயத்தப்படுத்துவோரின் பெயர்களையும் எழுதுங்கள். மூன்று இடத்திலும் ஒரே பெயர் வந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.